திரையோடு ஒட்டிய மாப்பிள்ளை

ஒரு கண் மூடியபடி, மற்றது பாதி திறந்தபடி, தும்மலுக்குத் தயாரானதுபோல வாய் பிளந்திருக்க, ஜெயந்தன் எங்கள் வீட்டுக் கணினித் திரையில் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அவர். கட்டாரிலிருந்து ஸ்கைப்பில் வந்தவர். வந்த இடத்தில் அசைய மறந்துவிட்டார்.

"கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லயே புள்ள. மரம்போல இரிக்கார்" என்றார் நல்லரத்தினம் மாமா, வடையைக் கடித்தபடி.

"நெட் ஸ்லோ மாமா. அவர் கதைக்கிறார், எங்களுக்கு வந்து சேரல்ல."

"இவ்வளவு நேரமும் வந்துதானே? கட்டார்ல வெயில் எப்பிடி எண்டு கேட்டன், சொன்னார். சாப்பாடு எப்பிடி எண்டன், சொன்னார். இதக் கேட்டோண்ணதான் வாய் அடைச்சிற்று."

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மாவின் அண்ணன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் வட்டைகளுக்கெல்லாம் விவசாய அமைப்புத் தலைவர். எதையும் கூட்டம் நடத்துவதுபோலத்தான் செய்வார்; முதலில் சுகம் விசாரிப்பு, பிறகு தேநீர், விளக்கு வைத்த பிறகே முக்கிய விடயம். இன்னொன்று, அவருக்கு டிலக்சன் என்றொரு மகன். எனக்கு முறை மச்சான். அவன் நல்லவன்தான். ஆனால் சின்ன வயதில் குளத்தில் என் தலையைப் பிடித்து முக்கியவன். இப்போது உழவு இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவன். அவனைக் கட்டுவதை நினைத்தால் எனக்கு வெட்கம் வராது, சிரிப்புத்தான் வரும். மாமாவுக்கோ அந்த நினைப்பில் சிரிப்பே இல்லை.

அந்த முக்கியமான கேள்வி இதுதான்: "கலியாணம் முடிச்சா இஞ்ச வந்து இரிப்பீங்களா தம்பி?"

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இதை யாரும் கேட்கவே மாட்டார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுடையது, முடிந்தது கதை. ஆனால் ஜெயந்தன் சாவகச்சேரிக்காரர். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், போன ஆள் திரும்பி வராது என்று பிள்ளைகளைப் பயம் காட்டி வளர்க்கிற ஊர்க்காரர். யுத்தம் முடிந்து, பாதை திறந்து, தரகர்மாருக்குப் பேருந்து கிடைத்ததால் வந்த சம்பந்தம் இது. அதனால் அம்மா கேட்கச் சொன்னார்.

அம்மாவுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. நாங்கள் முன்பு கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருந்தோம். சுனாமி வீட்டையும் கொண்டுபோனது, அப்பாவையும் கொண்டுபோனது. பிறகு செங்கலடியில் தன் சீதனக் காணியில் கல்லுக் கல்லாகச் சேர்த்து அம்மா கட்டிய வீடு இது. "கடலுக்கு ஒராளக் குடுத்தது காணும். இன்னொரு ஊருக்கு ஒண்டைக் குடுக்கமாட்டன்" என்பார். இதற்கு நான் என்ன வாதம் செய்ய? எனக்கும் அம்மாவை விட்டுப் போக மனமில்லை. ஜெயந்தனை விடவும் மனமில்லை. அவரோடு ஒரேயொரு தடவைதான் தொலைபேசியில் கதைத்தேன். நான் ஏதோ கேட்க, அவர் சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அதோடு என் மனம் போய்விட்டது.

அவர் திரையில் உறைந்த அதே நேரம் பார்த்துத்தான், மேசையில் தொலைபேசியும் கணகணவென்று அடித்தது. ஜெயந்தனின் அம்மா, சாவகச்சேரியிலிருந்து. விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்தாராம். "என்ன மாதிரி தங்கச்சி, பிள்ளை கதைக்கிறானோ?"

"கதைக்கிறார், கதைக்கிறார். மறுகா எடுங்க அக்கா" என்று அம்மா வைத்துவிட்டார். மாப்பிள்ளை முன்னால் மாமியார் வந்து நிற்பது அம்மாவின் முறையில் இல்லை. கமராவுக்குத் தெரியாமல் கதவுச்சீலைக்குப் பின்னால் நின்றவர், தொலைபேசியை எடுக்கக்கூடச் சுவரோடு நண்டுபோலத்தான் நகர்ந்தார்.

அதன் பிறகு இணைப்பு வரவேயில்லை. திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"பொம்புள பேசாம இருந்தா சம்மதம்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமா. "ஆம்புள பேசாம இருந்தா விருப்பமில்ல. வேறென்ன?"

அம்மா சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். "வாற வெள்ளிக்கிழமை இன்னொருக்காக் கேப்பம். அப்பவும் வாய் திறக்காட்டி விட்டுருவம். டிலக்சன் இரிக்கான்தானே."

மாமா இன்னொரு வடையை எடுத்தார். நான் அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

அவருடைய எண் என் கைத்தொலைபேசியில் இருந்தது. எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு தடவைக்குப் பிறகு, பேச்சு முடியும்வரை தனியாகக் கதைக்கமாட்டேன் என்று அப்பாவின் படத்தில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார் அம்மா. தரகரோ இரண்டு பக்கத்துக்கும் "எல்லாம் நல்லாப் போகுது" என்ற ஒரே பாட்டைப் பாடினார். ஆக, எனக்கு மிஞ்சியது ஒரே எதிரி. இன்டர்நெட்.

கம்பனிக்கு எடுத்துக் கத்தினேன். ஒருவர் வந்தார். அவர்களே தந்த ரவுட்டரைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார்.

"லைன் நல்லாரிக்கு மிஸ். பின்னேரத்தில எல்லாரும் பாவிக்கிறதால கொஞ்சம் ஸ்லோவா இரிக்கும்."

"என்ட கலியாணம் பின்னேரத்திலதான் நடக்குது."

"அப்ப காலைல வைங்க மிஸ்" என்றார் அந்தப் புண்ணியவான், உண்மையான அக்கறையோடு. போகும்போது நான் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரவுட்டரை வாவியில் எறிந்திருப்பேன். வாவிக்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமே என்றுதான் விட்டேன்.

அப்போது நான் வேலை செய்தது சுனாமியோடு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில். யுத்தம் முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டினார்கள். வேலை போகிறதே என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் அலுவலகச் சாமான்களை விற்ற புதன்கிழமை ஏலத்தில் தேனைக் கண்ட ஈபோல ஓடித் திரிந்தேன். ஏனென்றால் எங்கள் அலுவலகத்தில் ஓடிய ரவுட்டர் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்கு அது அனுப்பியது பெரிய பெரிய படங்கள். ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை.

ஏறாவூர் வியாபாரி அப்துல் கபூர் நானா மின்சாரச் சாமான்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி அவருக்கு, கேத்தல் அவருக்கு, பழுதான பிரிண்டரும் அவருக்கு. ரவுட்டர் பெட்டி மேசைக்கு வந்ததும் நான் ஒரு விலை கேட்டேன். அவர் கூட்டினார். நான் கூட்டினேன். அவர் கூட்டினார். நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு?"

வாயில் பொய் வரவில்லை. "கலியாண விசயம் நானா."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. "கலியாண விசயமெண்டா நான் போட்டிக்கு வரமாட்டன். எடுங்க. சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி அனுப்புங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தபடி வந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண் குழந்தையா என்று எட்டிப் பார்த்தாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். ரவுட்டர். அதன் கறுப்பு அடப்டர். முதுகில் ஏதோ ஒரு நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று ஸ்டிக்கர். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் வால், மறுபக்கம் இரண்டு ஓட்டை. வெளிப்பெட்டியில் அதற்கும் ஒரு படம் போட்டிருந்தார்கள். இரண்டு தொலைபேசி வைத்திருக்கிற அலுவலகத்துக்காக்கும் என்று அதை ஒதுக்கினேன். அம்மா அதை எடுத்துத் தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் போட்டார். அம்மா எதையும் வீசமாட்டார். சுனாமிக்குப் பிறகு ஒரு பொத்தானைக்கூட வீசியதில்லை.

பழைய ரவுட்டரைக் கழற்றினேன், புதியதைச் செருகினேன், விளக்குகள் எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை. கம்பனியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டுமாம். அதைப் பழைய ரவுட்டருக்குள் அவர்கள் ஆளே போட்டுவிட்டுப் போயிருந்தான். கம்பனிக்கு எடுத்தேன். தமிழுக்கு அமுக்கச் சொன்ன எண்ணை அமுக்கிப் பாட்டுக் கேட்டு முடிய, ஒரு பெண்பிள்ளை வந்தாள். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொல்வாளாம். வீடும் காணியும் போலத் தொலைபேசியும் அம்மாவின் பேரில்தான். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஆச்சிப்பிள்ளை அம்மாவா? உங்கட பிறந்த திகதி சொல்லுங்க அம்மா."

"எது மகள்? அடையாள அட்டையில இரிக்கிறதா, உண்மையானதா?"

நான் நெற்றியில் கை வைத்தேன். கடைசியில் அட்டையில் உள்ளதே போதும் என்றாள் அந்தப் பிள்ளை. பிறகு பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அம்மா பேனையால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். முடிவில் அவள் ஏதோ சொல்ல, அம்மா மிகுந்த மரியாதையோடு "ஓம் மகள், சத்தியமா" என்று வைத்துவிட்டுக் கையை இறுக்கப் பொத்தினார்.

"காட்டுங்க அம்மா."

"ஏலாது. ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு அந்தப் புள்ள சொல்லிற்றா."

"நான் உங்கட மகள்!"

"ஒருத்தருக்கும் எண்டா ஒருத்தருக்கும்தான். நீயும் ஒராள்தானே? சத்தியம் பண்ணியிரிக்கன்கா."

கெஞ்சினேன். கோபித்தேன். அழுவதுபோல நடித்தேன். அம்மா பொத்திய கையோடு ஒற்றைக் கையால் தேங்காய் துருவ முயன்றுகொண்டிருந்தார். என்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் மீறவில்லையே, தான் மட்டும் மீறுவதா என்று கேட்டார்.

ஆகவே கடைசியில் அம்மாவே கணினி முன்னால் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பது உத்தரவு. முதுகுக்குப் பின்னால் டொக்… பெரிய இடைவெளி… டொக் என்று கேட்டது. "எல் எங்க இரிக்கு?" என்று கேட்டார். உடனே, "ஐயோ, சொல்லிப்போட்டன்! அத மறந்துரு" என்றார். நான் சுவரில் தலையை வைத்துச் சிரித்தேன்.

"இனி என்டர அமத்துங்க அம்மா."

டொக்.

ரவுட்டரில் எரியாமல் கிடந்த அந்த விளக்கு ஒரு தரம் சிமிட்டியது, இரண்டு தரம் சிமிட்டியது, பிறகு பச்சையாக நின்றது. நான் ஓடிவந்து மாமாங்கத் தீர்த்தத் திருவிழா வீடியோ ஒன்றைத் தட்டினேன். சக்கரம் சுற்றவில்லை! தட்டியதும் தண்ணீர் தெறித்தது, ஆட்கள் முழுகினார்கள், மேளம் அடித்தது. அம்மா திரைக்கு நேரே கைகூப்பினார். நான் வீடு கூட்டும் தும்புத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹோலைச் சுற்றி ஆடினேன். அம்மா கையைக் கழுவி வந்து அறிவித்தார்: "இனி இந்த வீட்டில இன்டர்நெட் வேணுமெண்டா என்னட்டத்தான் கேக்கோணும்."

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா வந்தார், வடையும் வந்தது. அம்மா கதவுச்சீலைக்குப் பின்னால் போனார். ஜெயந்தன் திரையில் வந்தார். அவர் சட்டையில் கோடுகள் இருந்தன! போன தரம் வெறும் நீலமாகத்தான் தெரிந்தது. பின்னால் மின்விசிறி சுற்றியது. கன்னத்தில் சவரக் கத்தி பட்ட ஒரு சின்னக் கீறல்கூடத் தெரிந்தது. எனக்காகச் சவரம் செய்திருக்கிறார் என்று நினைத்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லாவிட்டால் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

மாமா ஒழுங்கு தவறவில்லை. கட்டாரில் வெயில் எப்படி? சாப்பாடு எப்படி? தேநீர் குடித்தார். அம்மா விளக்கு வைத்துவிட்டு வரும்வரை காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தம்பி, போன முறை கேட்டதுதான். கலியாணம் முடிச்சா இஞ்ச வந்து இரிப்பீங்களா?"

ஜெயந்தன் முன்னால் சாய்ந்தார். வாயைத் திறந்தார்.

தொலைபேசி அடித்தது.

ஜெயந்தன் நின்றுவிட்டார். இந்த முறை இரண்டு கண்ணும் திறந்திருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால் மின்விசிறியும் நின்றுவிட்டது.

"பாத்தியா புள்ள?" என்றார் மாமா. பாவம், அவர் குரலில் இப்போது சந்தோசம்கூட இல்லை. "புது மெசினிலயும் அதே கதைதான்."

கத்தி அழவேண்டும்போல இருந்தது. ரவுட்டரை உடைக்கத்தான் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன்: தொலைபேசி கணகணவென்று அடிக்க, அந்தப் பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. போன வெள்ளியும் விளக்கு வைத்தோம். போன வெள்ளியும் மாமா விளக்கு வைத்த பிறகுதான் கேட்டார். சாவகச்சேரியிலும் அதே நேரம் விளக்கு வைத்துவிட்டுத்தானே அவர் அம்மா எடுக்கிறார்! சுவரிலிருந்து வருகிற ஒரே கம்பியை ரவுட்டருக்கும் தொலைபேசிக்கும் முறுக்கிப் பட்டி சுற்றி விட்டிருந்தான் கம்பனிக்காரன். அங்கே மணி அடித்தால் இங்கே மாப்பிள்ளை நிற்கிறார். இரண்டையும் பிரித்துவிடத்தான் அந்த வால் வைத்த வெள்ளைப் பெட்டி!

"அம்மா! போன் வயரப் புடுங்குங்க!"

அம்மா அதற்குள் ரிசீவரைக் காதில் வைத்துவிட்டார். "ஓம் அக்கா, சுகமா—"

"புடுங்குங்க அம்மா!"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியாது. சம்பந்தி ஆகவேண்டிய மனுசி பேசிக்கொண்டிருக்க, வயரைப் பிடித்து ஒரே இழுவை. மாமா கையிலிருந்த வடை விழுந்தது.

சிவப்பு. சிமிட்டல். சிமிட்டல். பச்சை.

ஸ்கைப் கூவியது. அமத்தினேன். ஜெயந்தன் வந்தார், வந்த வேகத்தில் கதிரையை விட்டு எழுந்து நின்றார். ஏனென்று திரும்பிப் பார்த்தால், கமராவுக்கு நேரே அம்மா. சீலையையும் மறந்து, முறையையும் மறந்து, கையில் ரிசீவரோடு, வயர் தரையில் இழுபட நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் அம்மா. "ரெண்டு தரம் கேட்டுட்டம். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க, கோவிக்கமாட்டம். எனக்கு இவ ஒராள்தான்."

"என்ன மாமி சொல்லுறியள்?" ஜெயந்தன் தலையில் கை வைத்தார். "போன கிழமை மூச்சு விடாமல் மறுமொழி சொன்னனான். சொல்லி முடிச்சுப் பாத்தா நீங்கள் எல்லாரும் அசையாம இருக்கிறியள். மாமா வாயில வடையோட, என்னை முறைச்சுக்கொண்டு. உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு கிழமை முழுக்கச் சாப்பிடாமத் திரிஞ்சன்!"

அங்கேயும் நாங்கள் மரம்போல நின்றிருக்கிறோம்! நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். அப்படியும் சிரிப்பு விரலுக்கிடையால் வந்தது. மாமா குனிந்து விழுந்த வடையைத் தேடினார். அவருடைய தோளும் குலுங்கியது.

"அப்ப என்ன மறுமொழி சொன்னீங்க?" அம்மா விடவில்லை.

"வாறன் எண்டு சொன்னன்."

"உங்கட அம்மா? எங்கட ஆக்கள் பாயோட ஒட்ட வச்சிருவாங்களெண்டு பயப்படுவாவே."

"அவ பயப்படுறாதான் மாமி." ஜெயந்தன் சிரித்தார். அதே சிரிப்பு, வயிற்றிலிருந்து, ஒரு துளி தடங்கலும் இல்லாமல் செங்கலடிவரை வந்தது. "நான் இஞ்ச மூண்டு வருசமா இரும்புக் கட்டில் மேல்தட்டில படுக்கிறன். பாயை எந்தப் பக்கம் விரிப்பியள் எண்டு மட்டும் காட்டுங்கோ."

அம்மா கமராவைக் கையில் எடுத்து, வயர் எட்டுமட்டும் திருப்பி, ஹோல் மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பன்பாயைக் காட்டினார். அப்படியே அதற்கு மேலே சுவரில் இருந்த அப்பாவின் படத்தையும் காட்டினார். ஜெயந்தன் இன்னும் உட்காரவில்லை. படத்துக்குக் கைகூப்பினார். அப்போதுதான் நான் அழுதேன், சிரிப்பு நிற்காமலே அழுதேன்.

தையல் மெசின் லாச்சியிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து, முறுக்கைப் பிரித்து, வாலைச் சுவரில் செருகினேன். ஒரு ஓட்டையில் ரவுட்டர், மற்றதில் தொலைபேசி. ஜெயந்தன் மறுபடி எடுத்து வந்து உட்கார்ந்து முடியவில்லை, தொலைபேசி அடித்தது.

ஒருவரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தோம். மணி அடித்தது, ஜெயந்தன் மூக்கைச் சொறிந்தார். மணி அடித்தது, மின்விசிறி சுற்றியது. "என்ன எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?" என்றார். மாமா கை தட்டினார்.

அம்மா இன்னொரு தடவை அடிக்க விட்டு, அவர் அசைவதை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

"லைன் அறுந்துபோச்சுத் தங்கச்சி" என்ற குரல் எனக்கே கேட்டது. "என்ன மாதிரி? என்ர பிள்ளை என்னவாம்?"

அம்மா திரையைப் பார்த்தார். ஜெயந்தன் அங்கே இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் சம்மந்தி" என்றார் அம்மா. "ஒட்டிற்றார்."